கரண்ட் போனால் மீன் எத்தனை மணி நேரம் தாங்கும்?

மே 9, இரவு 10.20 (வந்த கேள்வி)

அண்ணா, மாரத்தஹள்ளியில் ஏழாவது மாடியில் இருக்கிறேன். மதியம் மூன்றரைக்குக் காற்றும் மழையுமாக அடித்தபோது போன கரண்ட் இன்னும் வரவில்லை. இரண்டடித் தொட்டி, நான்கு கோல்ட்ஃபிஷ். நான்கும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. ஜெனரேட்டர் லிஃப்ட்டுக்கும் படிக்கட்டு விளக்குக்கும் மட்டும்தானாம். விடியும்வரை தாங்குமா? இப்போது என்ன செய்வது?

மே 9, இரவு 10.31

மூடியை எடுத்துவிடுங்கள். ஒரு சொம்பு எடுத்துத் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றுங்கள். மீன் மேல் விழாமல் ஓரமாக. பத்து நிமிடம் விடாமல். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை. தீனி போடாதீர்கள், பாவமாக இருந்தாலும் போடாதீர்கள்.

காலையிலிருந்து பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் இருந்தால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை மாற்றலாம். குழாயில் இப்போது பிடித்த காவேரி தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் விடாமல் ஊற்ற வேண்டாம். வாய் அகன்ற டப் இருந்தால் இரண்டு மீனை அதில் விட்டுவிடுங்கள். துணி ஊறவைக்கும் டப் கூடாது, சோப்பு போயிருக்காது.

இரண்டடியில் நான்கு கோல்ட்ஃபிஷ் வைத்ததற்குத் திட்டுவது நாளைக்கு.

மே 9, இரவு 11.05

கேட்டீர்களே, ஏன் மேலே வருகின்றன என்று. காற்று தண்ணீரில் கரைவது மேல்பரப்பில்தான். அதனால் காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய அடுக்கில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மீன் அதைத்தான் உறிஞ்சப் பார்க்கிறது. ஏர் பம்ப் விடும் குமிழிகளே ஆக்சிஜனைக் கொடுக்கின்றன என்று நானும் பல வருடம் நம்பியிருந்தேன். குமிழியிலிருந்து கரைவது கொஞ்சம்தான். அது மேலே வரும்போது அடித் தண்ணீரையும் இழுத்துவந்து மேல்பரப்பைக் கலக்குகிறது பாருங்கள், அதுதான் பெரிய வேலை. நீங்கள் சொம்பால் செய்வதும் அதே வேலைதான். கைதான் வலிக்கும்.

அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள். ஒரேயடியாக முழித்திருந்தால் மூன்று மணிக்கு அசந்துவிடுவீர்கள்.

மே 10, காலை 6.50

மூன்று நன்றாக இருக்கிறது, ஒன்று அடியில் படுத்திருக்கிறது, கரண்ட் 4.40க்கு வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. பின்பக்கம் மாட்டிய ஃபில்டர் என்றால் இப்போதே போய்ப் பாருங்கள். தண்ணீரை இறைத்து இறைத்து மட்டம் குறைந்திருக்கும். கரண்ட் வந்ததும் அது தண்ணீரை இழுக்காமல் கர்ரென்று வெறுமனே ஓடிக்கொண்டிருக்கலாம். ஒரு மக் தண்ணீரை அதன் பெட்டிக்குள் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். படுத்திருப்பதைத் தொடாதீர்கள். இன்றும் தீனி வேண்டாம்.

மே 10, இரவு 9.15

சரி, இப்போது என் கதை. 'இத்தனை மணி நேரம் தாங்கும்' என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள். எத்தனை மீன், எவ்வளவு தண்ணீர், மேல்பரப்பு எவ்வளவு, வெயில் காலமா, கடைசியாக எப்போது தின்றது, எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. காற்றைக் குடிக்கும் ஜாதி ஒன்று இருக்கிறது. ஃபைட்டர், கௌராமி, ஏரியில் விரால், பனையேறிக் கெண்டை. இவை மேலே வந்து நேராகக் காற்றை எடுத்துக்கொள்ளும். கோல்ட்ஃபிஷ், ஆஸ்கர், ஏஞ்சல் எல்லாம் தண்ணீரில் கரைந்ததை நம்பித்தான் இருக்கின்றன.

அல்சூரில் எங்கள் வீட்டில் மூன்றடித் தொட்டி. நீளம் மூன்று, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை, அதாவது 190 லிட்டர். நான்கு ஏஞ்சல், மூன்று சில்வர் டாலர், இரண்டு முத்து கௌராமி. சில வருடங்களுக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம், தெருமுனையில் குல்மொஹர் மரம் கம்பி மேல் சாய்ந்து, மாலை ஆறுக்குப் போன கரண்ட் மறுநாள் காலை எட்டுக்கு மேல்தான் வந்தது. லைன்மேனுக்கு எத்தனை தடவை போன் செய்தாலும் 'ஒந்து கண்டெ சார், மர பித்திதெ' என்றார். மரம் விழுந்தது உண்மை. அந்த ஒரு மணி நேரம்தான் பதினான்காகிவிட்டது.

இரண்டு பெரிய செல் போடும் பேட்டரி ஏர் பம்ப் வைத்திருந்தேன். போட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் ஆபீஸிலிருந்து வந்தால் ஏஞ்சல் நான்கும் சில்வர் டாலர் இரண்டும் மிதக்கின்றன. கௌராமி இரண்டும் எதுவும் நடக்காததுபோல் சுற்றுகின்றன. பேட்டரி நடுராத்திரியில் தீர்ந்திருக்கும், காற்றைக் குடிப்பவை பிழைத்தன, மற்றவை மூச்சுமுட்டிச் செத்தன. இதுதான் எனக்குக் கிடைத்த பாடம்: மலிவு பேட்டரியை நம்பாதே.

மே 11, காலை 8.02

பேட்டரிக்குப் பதில் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். யுஎஸ்பி ஏர் பம்ப் ஒன்று, பவர் பேங்க் ஒன்று. என் பம்ப் 1.5 வாட். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க், ஐந்து வோல்ட்டால் பெருக்கினால் 50 வாட்-மணி. 1.5ஆல் வகுத்தால் 33 மணி நேரம். ஒன்றேகால் நாள்! போனுக்கு வாங்கியதை மீனுக்குக் கொடுங்கள், போன் ஒரு நாள் செத்துக்கிடந்தால் ஒன்றும் ஆகாது.

மே 12, இரவு 7.40

மேலே போட்ட கணக்கு தப்பு. எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஒருவர் நாசூக்காகச் சுட்டிக்காட்டினார். பவர் பேங்க் மேல் எழுதியிருக்கும் 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அப்படிப் பார்த்தால் 37 வாட்-மணிதான். அதை ஐந்து வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும். கைக்குக் கிடைப்பது 25, மிஞ்சினால் 30. ஆக, பதினேழு முதல் இருபது மணி நேரம். ராத்திரி தாண்ட இது போதும். ஆனால் 33 என்று எழுதியது எழுதியதுதான், அழிக்கப் போவதில்லை, கிடக்கட்டும்.

இன்னொரு சங்கதியும் அவரே சொன்னார். சில பவர் பேங்குகள், இழுக்கும் கரண்ட் மிகக் குறைவாக இருந்தால் 'போன் சார்ஜ் ஆகிவிட்டது' என்று நினைத்துத் தானாக நின்றுவிடுமாம். சோதித்தேன். என்னிடமிருக்கும் இரண்டில் பழையது இருபது நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு சின்ன யுஎஸ்பி விளக்கையும் சேர்த்துச் சொருகினேன், ஓடுகிறது. வாங்கிவைத்தால் போதாது, கரண்ட் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

மே 13, காலை 9.20

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு பெரியவர், நாற்பது வருடமாக மீன் வளர்ப்பவர், ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்: "மீன் எப்போது செத்தது தம்பி? கரண்ட் இல்லாதபோதா, வந்த பிறகா?"

இல்லாதபோதுதான் சார், வேறு எப்போது?

மே 13, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது தொட்டியைப் பார்த்தேனா? பார்த்த ஞாபகம் இல்லை. பேட்டரி பம்ப்பை யார் நிறுத்தியது? நானா? நின்றுபோயிருந்ததா?

மே 14, இரவு 8.30

பெரியவர் கேட்டது சரிதான். என் கதைதான் தப்பு.

மகளிடம் கேட்டேன். அப்போது அவள் ஏழாவது படித்தாள். "அப்பா, நான் ஸ்கூலுக்குப் போறப்போ எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வீடியோ எடுத்தேனே" என்றாள். பழைய போனைத் தேடி, சார்ஜ் போட்டு, பார்த்தோம். காலை 7.26. ஏஞ்சல் நான்கும் நடுத்தண்ணீரில் நிற்கின்றன. மேலே வந்து திணறவில்லை. ஓரத்தில் குமிழிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பேட்டரி தீரவில்லை! பாவம், இத்தனை வருடம் அந்தப் பம்ப்பைத் திட்டியிருக்கிறேன். குப்பையில் வேறு போட்டுவிட்டேன்.

கரண்ட் வந்தது எட்டே காலுக்கு. வந்ததும் என்ன ஆனது? தொட்டிக்குக் கீழே அலமாரியில் இருந்த கேனிஸ்டர் ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கியது. பதினான்கு மணி நேரம் மூடிய டப்பாவுக்குள் நின்ற தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் தள்ளியது. நான் அதைக் கழுவி மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அன்று காலையில் ஹாலில் அழுகிய முட்டை வாடை. சாக்கடை அடைப்பு என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் பிளம்பரைக்கூடக் கூப்பிட்டாள், அவர் ஒன்றும் இல்லை என்று சொல்லி 200 ரூபாய் வாங்கிப் போனார்.

ஆக, கரண்ட் போனதில் மீன் சாகவில்லை. வந்ததில்தான் செத்தது.

மே 14, இரவு 9.10

கௌராமி பிழைத்ததை வைத்து மூச்சுமுட்டல் என்று முடிவு கட்டினேனே, அது பாதி சரி. கேனிஸ்டரிலிருந்து வந்த தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருந்திருக்காது, காற்றைக் குடிப்பவற்றுக்கு அது பொருட்டில்லை. கௌராமி சொன்ன சாட்சி சரிதான். நான்தான் நேரத்தைத் தப்பாகப் பிடித்தேன்.

மே 16, இரவு 10.00

கேனிஸ்டருக்குள் என்ன நடக்கிறது என்று விளக்கச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். ஃபில்டருக்குள் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தப் பாக்டீரியாவுக்கு மீனைப் போலவே ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை வந்துகொண்டிருக்கும். ஓட்டம் நின்றால் மூடிய டப்பாவுக்குள் இருப்பதை அவையே சில மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அப்புறம் அவை சோர்ந்து சாக ஆரம்பிக்கும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு கூட்டம் தலையெடுக்கும். முட்டை வாடை அந்தக் கூட்டத்தின் வேலை, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு. அழுக்கு அதிகமாக இருந்தால் சீக்கிரம் வரும். தொட்டிக்குள் திறந்தபடி இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு இந்த ஆபத்து ரொம்பக் குறைவு. விலை குறைந்ததாயிற்றே என்று நான் ஒதுக்கிவைத்தது அதைத்தான்.

அதனால் இப்போது நான் செய்வது: கரண்ட் போனதும் முதலில் கேனிஸ்டர் பிளக்கைப் பிடுங்குவேன். தூங்கும்போது வந்தாலும் தானாக ஓடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் அப்படியே போடலாம். இரண்டு மூன்று மணி தாண்டினால் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி (குழாய்த் தண்ணீரில் அல்ல, மிச்சமிருக்கும் பாக்டீரியாவையும் குளோரின் கொன்றுவிடும்), பிறகுதான் போடுவேன். கரண்ட் வர ரொம்ப நேரமாகும் என்று தெரிந்தால் வளையங்களையும் ஸ்பாஞ்சையும் எடுத்து ஒரு வலைப்பையில் போட்டு, ஏர் ஸ்டோனுக்கு (குமிழி விடும் கல்) மேலே தொட்டியிலேயே தொங்கவிடலாம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு வாரத்துக்குத் தீனி பாதி. பாக்டீரியா பழையபடி பெருகும்வரை அம்மோனியா ஏறும்.

மே 17, காலை 7.15

மாரத்தஹள்ளித் தம்பிக்கு: படுத்திருந்த நான்காவதும் எழுந்துவிட்டதா! சந்தோஷம். மூன்றடித் தொட்டி வாங்குங்கள். திட்டு பாக்கி இருந்தது, தீர்ந்தது.

மே 18, இரவு 9.45

இறால் பண்ணையில் போடும் ஆக்சிஜன் மாத்திரையை நெல்லூரிலிருந்து ஒருவர் வாங்கி வந்திருக்கிறாராம். போடலாமா என்கிறார். அதில் பெரும்பாலும் சோடியம் பெர்கார்பனேட். தண்ணீரில் ஆக்சிஜனை விடும், உண்மைதான். கூடவே சலவைச் சோடாவையும் விடும், பிஎச் (தண்ணீரின் காரத்தன்மை) ஏறும். அம்மோனியாவின் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷ வடிவம் அரை சதவீதம் சொச்சம். 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். பத்து மடங்கு. ஃபில்டர் நின்று அம்மோனியா ஏறும் நேரத்தில் இதைச் சின்னத் தொட்டியில் போடுவது எனக்குப் பயம். ஏக்கர் கணக்கில் குளம் வைத்திருந்தால் கேளுங்கள். அப்போதும் என்னைக் கேட்காதீர்கள்.

மே 19, மதியம் 2.10

சென்னை மச்சான் சொல்கிறார், "பெங்களூர் குளிர்ந்த ஊர், உங்க மீனுக்கென்ன கஷ்டம்" என்று. கணக்குப் போட்டேன் (இந்த முறை இரண்டு தடவை). கடல் மட்டத்தில் 25 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.5. நாம் 900 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிறோம், காற்றழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. இங்கே 25 டிகிரியில் 7.4தான். அவர் வீட்டு 30 டிகிரித் தொட்டியும் என் வீட்டு 25 டிகிரித் தொட்டியும் ஒன்றுதான்! ஜில்லென்ற காற்று நமக்குத்தான், மீனுக்கு இல்லை.

மே 19, இரவு 10.30

பேச்சு ஏரிக்குப் போய்விட்டது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். திருவள்ளுவர் சிலைப் பக்கம் நடக்கவே முடியவில்லை, அவ்வளவு நாற்றம். அதற்குக் கரண்ட்டா போயிற்று? சாக்கடை சேர்ந்து, வெயிலும் சேர்ந்து, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தது. என் கேனிஸ்டருக்குள் நடந்ததை ஏரி அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

எங்கள் அப்பா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் தங்கவயலுக்குத்தான் முதலில் கரண்ட் வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905இல். இந்த மூன்று வருடப் பெருமையைச் சாகும்வரை விடவில்லை. இங்கே கரண்ட் போகும்போதெல்லாம் "எங்க ஊர்ல அப்பவே" என்று ஆரம்பித்துவிடுவார். கரண்ட் போனால் நாங்கள் எல்லாரும் மெழுகுவர்த்தி தேடுவோம், அவர் ஜன்னலைத் திறப்பார். பூமிக்கடியில் வேலை பார்த்தவருக்கு வெளிச்சத்துக்கு முன்னால் காற்றுதான் ஞாபகம் வரும் போல. தொட்டி மூடியைத் திறக்கும்போது அவர் ஞாபகம் வந்தது, அதான் எழுதினேன்.

மே 22, இரவு 8.05

யுபிஎஸ் பற்றி. (ஊரில் இன்வெர்ட்டர் என்போம், இங்கே வந்ததும் எல்லாரும் யுபிஎஸ் ஆக்கிவிடுகிறோம்.) 150 ஏஎச் பேட்டரி, 12 வோல்ட், அதாவது 1,800 வாட்-மணி. முழுவதையும் இறக்கக் கூடாது. ஐந்து வாட் ஏர் பம்ப் அதற்கு ஒரு கொசுக்கடி. தொல்லை ஹீட்டரில்தான். 200 வாட் ஹீட்டரையும் அதே பிளக் பாயிண்டில் சொருகிவிட்டால் அது பேட்டரியைக் குடித்துவிடும், கடைசியில் பம்ப்பும் நிற்கும். பம்ப்புக்கு யுபிஎஸ், ஹீட்டருக்குச் சாதா லைன் என்று பிரித்துவிடுங்கள். டிசம்பர் ராத்திரியிலும் பெரிய தொட்டி மெதுவாகத்தான் ஆறும். சுற்றிலும் தெர்மாகோலும் கம்பளியும் போதும், மேலே மட்டும் மூடாதீர்கள். டிஸ்கஸ் (சூடான தண்ணீர் வேண்டிய மீன்) வளர்ப்பவர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் கவலை தனி. கரண்ட்டைக் கட்டம் கட்டமாகத் தரும் பழைய ஸ்கொயர் வேவ் யுபிஎஸ் என்றால் பம்ப் உறுமும், சூடாகும். சீராகத் தரும் சைன் வேவ் நல்லது.

ஏர் பம்ப்பைத் தொட்டிக்குக் கீழே வைத்திருப்பவர்கள் டியூபில் ஒன் வே வால்வு போடுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கும். எங்கள் கீழ்வீட்டு மாமி கூரை ஒழுகுகிறது என்று ஓனரிடம் சொன்னது என் தொட்டித் தண்ணீரைத்தான். ஓனருக்கு இன்னும் தெரியாது.

மே 23, காலை 6.40

காக்ஸ் டவுன் சாருக்கு நன்றி சொல்லவே இல்லை. நன்றி சார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் ஊருக்கெல்லாம் பேட்டரிதான் எதிரி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். மாரத்தஹள்ளித் தம்பிக்கு அன்று ராத்திரி நான் கேனிஸ்டர் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரிடம் இருந்தது பின்பக்கம் மாட்டும் சின்ன ஃபில்டர், தப்பித்தார்.

ஜூன் 3, இரவு 8.15

கரண்ட் போச்சு. போனில் எழுதுகிறேன், 31 சதவீதம் இருக்கிறது. கேனிஸ்டர் பிளக்கைப் பிடுங்கியாயிற்று. பவர் பேங்க் தேடினால் மகள் அதில் போன் போட்டு வைத்திருக்கிறாள்.

ஜூன் 3, இரவு 8.22

வாங்கிவிட்டேன். பம்ப் ஓடுகிறது. வாடை ஏதும் இல்லை. லைன்மேன் ஒந்து கண்டெ என்றார்.